ஆக்கர் பிரிக்கேயில் அப்பா கேட்டது

நான் நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து இறங்கியது தை மாதம். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடலைப் பார்த்தே வளர்ந்தவள், ஐந்து மாதமாகக் கடலை பஸ் கண்ணாடிக்குள்ளால் மட்டும்தான் பார்த்தேன்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை இவர் ஆக்கர் பிரிக்கேக்குக் கூட்டிப் போனார். பிரிக்கே என்றால் இறங்குதுறை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஜெற்றி. முன்பு கப்பல் கட்டிய இடம். 1982 இல் தளத்தை மூடினார்கள், 1986 இல் கடைகள் வந்தன. பழைய செங்கல் பட்டறைகள் சிலவற்றை இடிக்காமலே கடைகளாக்கியிருக்கிறார்கள். உடுப்புக் கடைகளில் ஒரு சுற்று, ஆளுக்கொரு ஐஸ்கிறீம், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது வெளியேதான். தண்ணீரோரம் ஆட்கள் காலை நீட்டிக்கொண்டு சும்மா கடலைப் பார்த்தபடி இருந்தார்கள். எங்கள் வீட்டில் கடற்கரைக்குச் சும்மா போகிற வழக்கம் இல்லை. அப்பாவுக்கு அது தொழில் இடம், போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் இறங்க முடியாத இடம். நானும் போய் இருந்தேன். எழும்ப மனமே வரவில்லை.

அப்புறம் நகரமண்டபத்துக்கு முன்னால் இறால் படகுக்கு நடந்தோம். பிடித்த இறாலைப் படகிலேயே கடல் தண்ணீரில் அவித்துத்தான் கரைக்குக் கொண்டு வருகிறார்கள். ஊரில் கூறு போட்டு விற்பார்கள், இங்கே பையில் அள்ளித் தருகிறார்கள். தலையைத் திருகி, ஓட்டை உரித்து வாயில் போட்டேன். மிளகாயும் இல்லை, புளியும் இல்லை. ஆனால் அந்த உப்பும் மெல்லிய இனிப்பும் நாக்கில் பட்டதும் அப்பாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துவிட்டேன். இங்கே இரண்டு மணி, அங்கே மாலை ஐந்தரை.

"சீநோரைத் தந்த நாடெல்லே பிள்ளை" என்றுதான் தொடங்கினார். 1956 இல் நோர்வேக்கு வந்த குருநகர்காரர் அன்ரனி ராஜேந்திரம் இங்குள்ள நண்பர்களோடு சேர்ந்து 1967 இல் தொடக்கிய மீன்பிடி நிறுவனம் அது. காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். அப்பாவின் முதல் நைலோன் வலை அங்கே வாங்கியதுதான்.

படகின் பின்பக்கம் சுருட்டிக் கிடந்த வலையைக் காட்டினேன். அப்பாவின் குரல் மாறியது.

"இது இழுவைமடியெல்லே?"

இழுவைமடி என்றால் படகால் கடலடியோடு இழுத்துக்கொண்டு போகிற வலை. அவர் கோபம் எனக்குத் தெரியும். 2017 இல் இலங்கையில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை, இரவில் வந்த இழுவைப் படகு அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டாம் முறை கடன் முடியாத வலை. அதனால் சமாளித்துப் பேச மனம் வரவில்லை. இவரிடம் சொல்லிப் படகுக்காரரையே கேட்கச் சொன்னேன்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை, சலிக்கவும் இல்லை. கையைத் துடைத்துவிட்டு, வலைக்குள் கட்டியிருந்த கம்பித் தட்டைத் தூக்கிக் காட்டினார். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 19 மில்லிமீற்றர். அதற்குள்ளால் இறால் பின்னே போகும், பெரிய மீன் தட்டில் முட்டி மேல்வாசலால் வெளியேறிவிடும். இவர் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா திரைக்குக் கிட்ட வந்தார்.

"மேலால போற மீன் போகட்டும். அடியில கிடக்கிற பாசியும் குஞ்சும்? அதைக் கேள்."

கேட்டோம். படகுக்காரர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் இந்தக் கடலிலும், இந்த ஃபியோர்டிலும், மீன் குறைந்துவிட்டது என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "அந்தக் கம்பியை இன்னொருக்கா காட்டச் சொல்லு பிள்ளை" என்றார்.