தாழ்ப்பாள்

மாவட்டத் தேர்ச்சி விகிதம், எத்தனையாவது இடம் என்றே பேச்சு அரை மணி நேரம் ஓடியது. ஏற்காட்டில் இன்று பெற்றோர் கூட்டம். பள்ளி திறந்து மூன்றாவது வாரம்.

அப்புறம்தான், "பெற்றோர் ஏதாவது சொல்லணுமா?" என்றார்கள்.

காபித் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்த ஒரு அக்கா எழுந்தார். நகக்கண்ணில் இன்னும் மண்.

"சார், பொம்பளப் பிள்ளைங்க கக்கூசுக்குத் தாழ்ப்பா இல்லீங்க. எம்பொண்ணு சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல."

யாரும் பேசவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஏன் என்று இன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. தேர்ச்சிப் பட்டியலில் அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு கட்டம் கிடையாதே!

தலைமை ஆசிரியர் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை நானும் அந்த அக்காவும் போய்ப் பார்க்கிறோம்.