அடித்து ஆடுபவரோடு ஒரே மேசையில்

ஜூன் 6

மூன்று மணி நேரம் போக்கர் (டெக்சாஸ் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) ஆடியதில் ஒரே ஒரு கைதான், அதாவது ஒரு சுற்றுதான், மனசில் நிற்கிறது. என் வலப்பக்கம் இருப்பவர் எதற்கும் ரெய்ஸ் போடுகிறவர், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறவர். அவர் 4 பிக் பிளைண்ட் (கட்டாய ஆரம்பப் பந்தயம்; இங்கே தொகையெல்லாம் அந்த அளவில்தான்) போட, பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடம்) இருந்த நான் இரண்டு எட்டை வைத்துக்கொண்டு கால் போட்டேன், அதாவது அதே தொகையைப் போட்டேன். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) கிங், எட்டு, மூன்று. மூன்றும் வெவ்வேறு சின்னம். எனக்கு செட், அதாவது மூன்று எட்டு. ஜோடி கையில் இருந்தாலும் இது 8, 9 தடவைக்கு ஒருமுறைதான் அமையும். அவர் 6 போட்டார், நான் 20-க்கு ஏற்றினேன். அவர் சீட்டைத் தள்ளிவிட்டார். லாபம் 11.5 (கட்டாயப் பந்தயம் 1.5 சேர்த்து). அவரை முந்தவைக்கும் சீட்டே அரிதான ஃப்ளாப்பில் எந்தச் சீட்டுக்குப் பயந்து ஏற்றினேன்?

ஜூன் 7

இன்று அதிகம் ஆடவில்லை, அவரையே கவனித்தேன். சீட்டைத் திறக்கவேண்டி வந்த மூன்று கைகளில் இரண்டில் அவரிடம் ஒன்றுமே இல்லை. ஆனால் யாராவது திருப்பி ஏற்றினால் உடனே விட்டுவிடுகிறார். நேற்று நான் ஏற்றியபோதும் அதுதான் நடந்தது.

ஜூன் 13

ஏஸ் ஜோடி! கணக்குப்படி 221 கைக்கு ஒருமுறை. நேரடி மேசையில் மணிக்கு 30 கை வந்தாலே அதிகம் என்பதால், இதை வீணாக்கக்கூடாது.

அவர் 5, நான் 16, அவர் கால். ஃப்ளாப் குயீன், ஆறு, இரண்டு. அவர் செக் (பந்தயம் போடாமல் விடுவது). நானும் செக். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஒன்பது, அவர் 20 போட்டார், நான் கால் மட்டும். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) நான்கு. பாட்-டில் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) 73.5 இருக்க, எண்ணிக்கூடப் பார்க்காமல் மிச்சம் 64-ஐயும் இரண்டு கையாலும் தள்ளினார். சிப்ஸ் அடுக்கு சரிந்து ஒன்று என் சீட்டு வரை உருண்டு வந்தது. மூன்றில் ஒரு தடவை நான் ஜெயித்தாலே இந்தக் கால் நஷ்டமில்லை. போட்டேன். அவர் காட்டியது ஜாக், பத்து. டர்னில் தேடி வந்த ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) அமையவில்லை. ஃப்ளாப்பில் நான் பெட் போட்டிருந்தால் அங்கேயே விட்டிருப்பார்.

ஜூன் 14

நேற்றைய ருசியில் இன்று தப்பு செய்தேன். இரண்டு ஜாக்; ஃப்ளாப் ஹார்ட் ஜாக், ஹார்ட் பத்து, கிளாவர் எட்டு. மறுபடியும் செட், மறுபடியும் கால் மட்டும். இது நேற்று மாதிரி காய்ந்த ஃப்ளாப் இல்லை; ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து), ஸ்ட்ரெயிட் இரண்டுக்கும் வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்து எண்ணினேன்: என் ஜாக் இரண்டும் ஹார்ட் இல்லை, ஆக மிச்ச ஹார்ட் 11, அதில் எட்டு எனக்கே ஃபுல் ஹவுஸ் (ஒன்றில் மூன்று, இன்னொன்றில் இரண்டு) தரும் என்பதால் 10, ஹார்ட் அல்லாத ஏழு, ஒன்பது, குயீன் ஒவ்வொன்றிலும் 3. பார்க்காத 47 சீட்டில் 19 எனக்கு ஆபத்து. ஹார்ட் ஒன்பதே வந்தது. அவர் பாட் அளவுக்குப் போட்டார். ஃபுல் ஹவுஸோ நான்கு ஜாக்கோ தந்து என்னைக் காப்பாற்ற 46-ல் 10 சீட்டுதான். 22 சதவீதத்தை நம்பி 33 சதவீத விலை கொடுத்தேன். ரிவரில் ஒன்றும் வரவில்லை. அவர் மீண்டும் போட, கீழே வைத்தேன். ஃப்ளாப்பிலேயே ஏற்றியிருக்க வேண்டும். ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட் தேடுகிறவர் அங்கே காசு கொடுத்துத்தான் பார்த்திருப்பார்.

ஜூன் 20

காய்ந்த ஃப்ளாப்பில் இரண்டு முறை பலமான கையோடு செக் போட்டுக் காத்திருந்தேன். இரண்டு முறையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் செக். ஏஸ் ஜோடியை அவர் மறக்கவில்லை. அடுத்த வாரம் நானே முதலில் பெட் போட்டுப் பார்க்கிறேன்.