ஃபிரீட்ரிக்கோடு எனக்குள்ள வழக்கு

முதுகலை மாணவர்களுக்கு ஒப்பிலக்கியம் நடத்தும்போது ஹூகோ ஃபிரீட்ரிக்கைத் தவிர்க்க முடியாது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1956இல் ஜெர்மனில் வெளிவந்த அவருடைய 'நவீன கவிதையின் அமைப்பு', பிரெஞ்சுக் கவிஞர்கள் போதலேர், ரெம்போ, மல்லார்மே மூவரிடமும் வேர்பிடித்து, ஸ்பானியக் கவிஞர் லோர்கா, இத்தாலியக் கவிஞர் உங்காரெட்டி, ஆங்கிலக் கவிஞர் எலியட் வரை நீளும் நவீன கவிதையை ஒரே குடும்பமாகக் காட்டுகிறது. மொழி எதுவானாலும் கவிதையின் கட்டுமானம் ஒன்றே என்பது அவர் வாதம். மல்லார்மே பற்றிய அத்தியாயத்தை இன்றும் வகுப்பில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன், அவ்வளவு நுட்பம்.

ஆனால் சிதைவு, திசையிழப்பு, மனிதநீக்கம் (கவிதையிலிருந்து மனிதரையும் அவர் உணர்வையும் விலக்குவது) என்று எதிர்மறைச் சொற்களாலேயே அவர் நவீனத்தை அளக்கிறார். அந்த அளவுகோலில் ஜெர்மன் கவிஞரும் நாடகாசிரியருமான பிரெக்டின் எளிய மொழிக் கவிதைகளுக்கு இடம் ஏது?

இதே கேள்வியோடு 1969இல் 'கவிதையின் உண்மை' எழுதினார் மைக்கேல் ஹாம்பர்கர். பெர்லினில் பிறந்து, 1933இல் சிறுவனாக இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தவர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர். நவீன கவிதைக்குள் ஒன்றோடொன்று மோதும் இழுவிசைகளை அவர் மறைக்கவில்லை. போருக்குப் பிந்தைய எளிய, அலங்காரமற்ற கவிதையையும் நவீனம் என்றே கொண்டார். நான் அவர் பக்கம்.

கவிஞர் பால் செலானைப் பாருங்கள். அன்று ருமேனியாவில் இருந்த செர்னவுட்சியில் 1920இல் பிறந்த யூதர். பெற்றோரை நாஜிக் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். பாரிஸில் வாழ்ந்துகொண்டு ஜெர்மனில் எழுதினார். எந்த நாட்டு மரபில் சேர்ப்பது? புரியாத கவிதைக்கு உதாரணமாக எல்லோரும் அவரையே காட்டுகிறார்கள். அவரோ தம் நூலொன்றின் பிரதியில், தாம் புதிர்க் கவிஞர் அறவே அல்ல என்று ஹாம்பர்கருக்கு எழுதிக் கொடுத்தார்.

மரங்களைப் பற்றிப் பேசுவதே ஏறக்குறையக் குற்றமாகிவிட்ட காலம் என்றார் பிரெக்ட் ஒரு கவிதையில்; எத்தனையோ கொடுமைகளைப் பற்றிய மௌனம் அந்தப் பேச்சில் அடங்கியிருக்கிறதாம். செலான் பிரெக்டுக்கென்றே எழுதிய சிறு கவிதையில் உரையாடலே ஏறக்குறையக் குற்றமாகிறது. ஏற்கெனவே சொல்லப்பட்டவை அந்த உரையாடலில் அவ்வளவு சேர்ந்துகிடக்கின்றன. இருண்ட கவிஞர் என்று ஒதுக்கப்பட்டவர், வெளிப்படையாகப் பேசியவருக்கு நேருக்கு நேர் பதில் சொல்கிறார். மனிதரை நீக்கிய கவிதையா இது?

இந்தப் பருவத்தில் முதல் வகுப்பிலேயே இவ்விரண்டு கவிதைகளையும் மாணவர் கையில் கொடுக்கப்போகிறேன். ஃபிரீட்ரிக் அதற்குப் பிறகு வரட்டும்.