சாட்சிக்கு என்ன விலை?

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் இன்று ஒரு போலீஸ்காரர், கொத்தமல்லி விற்கும் நம்மூர்ப் பையனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைத் திருட்டுக்கு அவன் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

பையன் கட்டைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "சாப், அப்போ இனிமே என் வண்டியைத் தூக்க மாட்டீங்கள்ல?"

கெட்டிக்காரன்!

எனக்கு 1897 நினைவுக்கு வந்தது. ஜூன் 22, விக்டோரியா வைரவிழா இரவு. புணேயில் பிளேக் தடுப்புக்குப் பொறுப்பான ஆங்கிலேய அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். துப்புக் கொடுத்தால் 20,000 ரூபாய் என்றது சர்க்கார். அந்தக் காலத்து இருபதாயிரம்!

துப்பறிய வந்த போலீஸ் அதிகாரி புரூயினிடம் திராவிட் சகோதரர்கள் வாய் திறந்தார்கள். அவர்கள் காட்டிக்கொடுத்த தாமோதர் சாபேகர் 1898 ஏப்ரலில் தூக்கிலேறினார்.

சரி, துப்புச் சொன்னவர்கள்?

ஊரிலேயேதான் இருந்தார்கள். சாட்சியம் கைக்கு வந்துவிட்டால், சாட்சி பத்திரமாக இருக்கிறாரா என்பது வேறு இலாகா போல.

1899 பிப்ரவரியில் ஓர் இரவு. "போலீஸ் கூப்பிடுகிறது, வாங்க" என்று வாசலில் குரல். பழகிய அழைப்புதானே, அண்ணன் தம்பி இருவரும் கிளம்பிவிட்டார்கள். தெருவிலேயே சுட்டார்கள்.

கூப்பிட வந்தவர்களில் ஒருவர் தாமோதரின் தம்பி வாசுதேவ். அதே ஆண்டு மே மாதம் அவருக்கும் தூக்கு.