சிற்றலையிலிருந்து விண்மீன்களுக்கு

குடியேறியவரிடம் வேலை, விசா, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர் அரிது. ஒருவர் புதிய நாட்டோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்பதை அந்தக் கேள்வியே சரியாகக் காட்டும் என்று நான் நம்புகிறேன்.

இளமையில் எனக்கு உயிராக இருந்தது சிற்றலை வானொலி. வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற பகுதியான அயனமண்டலத்தில், பகலில் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் கீழடுக்கு சூரியன் மறைந்ததும் மங்கிவிடும். அப்போது மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து சேரும். அலைவரிசை, உலகப் பொது நேரம், ஒலியின் வலு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிந்து நிலையத்துக்கு அஞ்சலில் அனுப்பினால், அவர்கள் உறுதிசெய்து வண்ண அட்டை ஒன்றை அனுப்பிவைப்பார்கள். புலம்பெயர்ந்த பிறகு இந்த ஆர்வம் தானாகவே மங்கிப்போனது. அடுக்குமாடிக் குடியிருப்பின் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் மின்னிரைச்சலில் தொலைதூரக் குரல்கள் மூழ்கின. பல நிலையங்கள் சிற்றலையையே கைவிட்டன. குடும்பத்தை நிலைநிறுத்திய அந்த ஆண்டுகளில் வேறெதற்கும் நேரமுமில்லை.

பிள்ளைகள் வளர்ந்தபின், இரவுப்பணி முடிந்து திரும்பும் வழியில் வானம் என் கண்ணில் பட்டது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. பிறந்த மண்ணில் அடிவானத்தை ஒட்டியிருந்த அது இங்கே 50 பாகைக்கும் மேலே ஏறி நின்றது. சப்தரிஷி மண்டலம் இங்கே ஆண்டு முழுவதும் மறைவதில்லை. அகத்திய நட்சத்திரமோ வடக்கே ஏறத்தாழ 37 பாகையைக் கடந்தவர்களுக்கு எழுவதே இல்லை. நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பதை எந்த வரைபடமும் இவ்வளவு துல்லியமாக எனக்கு உணர்த்தியதில்லை. ஜூன் மாதத்தில் இங்கே நள்ளிரவிலும் வானம் முழுதாக இருள்வதில்லை. நன்கு இருண்ட நீண்ட இரவுகள் குளிர்காலத்தில்தான். ஆகவே இந்த ஆர்வம் கடுங்குளிரையும் சேர்த்தே பழகிக்கொள்ளச் சொன்னது.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வானில் அதன் அருகே தெரியும் பெல்லாட்ரிக்ஸ் என்ற நட்சத்திரத்தின் அளவுக்கே ஒளி குன்றியது. அந்த வாரங்களில், மேகம் விலகிய இரவுகளிலெல்லாம் இரண்டையும் வெறுங்கண்ணால் ஒப்பிட்டு, நாள், உலகப் பொது நேரம், ஒளியின் அளவு என்று எழுதிவைத்தேன். சிற்றலைக் குறிப்பேட்டில் இருந்த அதே பத்திகள்தாம். ஒலியின் வலு இருந்த இடத்துக்கு ஒளியின் அளவு வந்திருந்தது, அவ்வளவுதான். தொலைவிலிருந்து வருவதைப் பொறுமையோடு காத்திருந்து பதிவுசெய்யும் வேட்கை என்னை விட்டு ஒருபோதும் போகவில்லை என்பது அப்போதுதான் புரிந்து, மிகவும் மகிழ்ந்தேன்.

இப்போது உடலும் தன் பங்குக்கு இந்த ஆர்வத்தை மாற்றியமைக்கிறது. இளைஞரின் கண்மணி இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுவதுண்டு. 7×50 (7 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் முகப்புவில்லை) இருகண்நோக்கியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதில் ஒரு பகுதி என்னைப் போன்றவர்களின் கண்ணுக்குள் நுழையாமலே வீணாகும். 10×50-இன் கற்றை 5 மில்லிமீட்டர்தான் என்பதால் இந்த வகையில் பொருந்தினாலும், கைநடுக்கத்தை அது பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே எடை குறைந்த 7×35 ஒன்றை வாங்கி, பழைய 10×50-ஐ மகளிடம் கொடுத்துவிட்டேன். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் இரவுக்கு இரவு இடம் மாறுவதை அவள் அதில் பார்த்து வரைந்து வருகிறாள். வானொலியில் அவளுக்குத் துளியும் ஆர்வம் இல்லை.