வாட்டம் இல்லாத கால்வாய்

பாசனக் கால்வாய்களோடு முப்பது ஆண்டுகள் உழன்றவனுக்கு எந்தக் கால்வாயைப் பார்த்தாலும் கண் முதலில் தேடுவது வாட்டத்தைத்தான். தலைமதகிலிருந்து கடைமடை வரை தண்ணீர் தானாக இறங்கி ஓட வேண்டும். படுகையின் வாட்டம் சற்றுப் பிசகினாலும் நடுவில் எங்கோ தேங்கிவிடும், மறுநாள் கடைமடைக்காரர் அலுவலக வாசலில் வந்து நிற்பார். அதனால்தான் சென்ற ஜூலையில், தெற்குப் பிரான்சின் ஓம்ப்ஸ் என்ற சிற்றூரில் கனால் து மிதி கால்வாயின் கரையில் நின்றபோது எனக்குச் சிறிது சங்கடமாகவே இருந்தது. கரைதொட்டுத் தண்ணீர் நின்றது. ஆனால் எந்தப் பக்கமும் ஓடுவதாகத் தெரியவில்லை. நான் கிள்ளிப் போட்ட இலை, நாங்கள் சாமான்களைப் படகில் ஏற்றி முடிக்கும் வரை போட்ட இடத்திலேயே கிடந்தது.

தூலூஸில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பிதான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவன். ஓம்ப்ஸிலிருந்து பெசியே நகரம் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதைக் கடக்க ஐந்து நாள் என்று அவன் சொன்னபோது, ஏதோ கணக்குப் பிசகு என்று நினைத்தேன். கால்வாயில் அனுமதிக்கப்பட்ட வேகமே மணிக்கு 8 கிலோமீட்டர்தான். வாடகை மோட்டார் படகை ஓட்ட உரிமமும் தேவையில்லை. அரை மணி நேரம் சுக்கானையும் கயிற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் படகுக்காரர் கையசைத்துப் போய்விட்டார். கரையோரப் பாதையில் சைக்கிளில் போன பாட்டி ஒருவர் எங்களை முந்திச் சென்றார்.

ஓம்ப்ஸை விட்ட சிறிது தூரத்திலேயே ஒன்யோன் என்ற இடத்தில் முதல் நீர்ப்பூட்டு வந்தது. படகுக் கால்வாய்க்கு வாட்டம் கூடாது. எனவே தரை இறங்கும் இடங்களில் தண்ணீரைப் படிக்கட்டுபோல இறக்க வேண்டியிருக்கிறது. இரு முனையிலும் கதவுகள் கொண்ட கல் தொட்டி ஒன்றினுள் படகு நுழைந்ததும் பின்கதவை மூடுகிறார்கள். முன்கதவின் அடியிலுள்ள சிறு மதகைத் திறந்ததும் தொட்டியின் தண்ணீர் வடிந்து, படகும் கூடவே இறங்கி, கீழ்மட்டத்துக்கு வந்தபின் முன்கதவு திறக்கிறது. இதில் பயணி செய்ய வேண்டியது ஒன்றுதான்: கரையிலுள்ள குற்றியைச் சுற்றி வந்த கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, படகு இறங்க இறங்க நழுவவிட வேண்டும். மைத்துனன் அதைப் படகின் முனையில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் இறங்கியது, படகின் மூக்கு இறங்கவில்லை. "அத்தான், ஏதோ சாய்கிற மாதிரி இருக்கிறதே" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து தட்டுகள் சரிந்து விழும் ஓசை கேட்டது. பூட்டுக் காவலர் ஓடிவந்து கீழ்மதகை அடைத்து, மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டுப் படகை மிதக்க வைத்தார். பிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைத் தம் கையில் எடுத்து, நழுவவிட்டுக் காட்டினார்.

தட்டுகளைப் பொறுக்கும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நான் தொட்டியின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நேர்ச்சுவர் அல்ல, இரு பக்கமும் வெளிநோக்கி வளைந்த முட்டை வடிவம். தொடக்கத்தில் நேர்ச்சுவராகக் கட்டிய ஒன்று மண்ணின் நெருக்குதலில் சரிந்ததால் இந்த வடிவத்துக்கு மாறினார்கள். நம் ஊர்க் கிணற்றுச் சுவர் வட்டமாக இருப்பதற்கும் இதே காரணம்தான்: வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த, வளைந்த சுவரின் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அர்ஜான் நீர்ப்பூட்டைத் தாண்டியபின் 54 கிலோமீட்டருக்குப் பூட்டே கிடையாது. நிலத்தின் ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு, மேடு வந்தால் சுற்றியும் பள்ளம் வந்தால் ஒதுங்கியும் கால்வாய் செல்கிறது. காப்பெஸ்தான் ஊரின் தேவாலயக் கோபுரம் எங்களுக்கு ஒரு சமயம் வலப்புறமும் பிறகு இடப்புறமும் தெரிந்தது, "வந்த ஊருக்கே திரும்பிப் போகிறோமா?" என்று மனைவி கேட்டாள். லெ சொமாய் என்ற சிற்றூரில் வளைந்த கல்பாலத்தின் அருகே இரவு தங்கினோம். அங்கே பெரிய பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு தெரியாத நான் அதில் ஒரு மணி நேரம் செலவிட்டு, கால்வாய் வரைபடம் ஒன்றோடு வெளியே வந்தேன். படகின் இரட்டை அடுப்பில் அன்று ரசம் கொதித்தது.

ஒவ்வொரு படகும் கீழே இறங்கும்போது ஒரு தொட்டித் தண்ணீர் போய்விடுகிறது; கோடையில் அதை ஈடுகட்டுவது எப்படி? உப்பு வரி வசூலைக் குத்தகை எடுத்திருந்த பியேர் போல் ரிக்கே, 14ஆம் லூயி மன்னரின் 1666ஆம் ஆண்டு ஆணையோடு இந்த வேலையில் இறங்கியபோது, வெட்டுவதைவிடப் பெரிய சிக்கல் இதுவாகவே இருந்தது. கருமலை என்று பொருள்படும் பெயர்கொண்ட மலைத்தொடரின் ஓடைகளை மறித்து, சேன் ஃபெரியோலில் 1672இல் அணையைக் கட்டி முடித்து, கடல்மட்டத்துக்கு 189 மீட்டர் உயரத்திலுள்ள நொரூஸ் மேட்டுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கமும் ஒரு பங்கு மத்தியதரைக்கடல் பக்கமும் இறங்குகிறது. சேன் ஃபெரியோல் ஏரியின் இன்றைய கொள்ளளவு 60 லட்சம் கன மீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர்ப் பெரிய ஏரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறியதுதான். ஆனால் வாட்டம் பார்த்து அந்த வாய்க்காலை வெட்டியவர்களுக்கு நான் மனத்துக்குள் ஒரு வணக்கம் போட்டேன். ரிக்கே 1680 அக்டோபரில் இறந்துபோனார். கால்வாய் திறக்கப்பட்டது 1681 மே மாதத்தில்.

கோடையில் இந்தப் பயணத்தின் சுகமெல்லாம் நிழலில் இருக்கிறது. கரைகளில் வரிசையாக நின்ற பிளேன் மரங்கள் மொத்தம் 42,000 என்பார்கள். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் நட்டவை. 2006இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுபோய்விட்டது. மருந்து கிடையாது, நோய் கண்ட மரத்தோடு அக்கம்பக்கத்து மரங்களையும் வெட்டி எரிக்க வேண்டும். பட்டையில் விழும் காயத்தின் வழியாக நோய் நுழைவதால் படகை மரத்தில் கட்டக் கூடாது என்பது கண்டிப்பான விதி; மாலைதோறும் நாங்கள் இரும்பு முளைகளைச் சுத்தியலால் கரையில் அடித்தோம். நிழல் உள்ள இடங்களில் சில்வண்டுகளின் இரைச்சலைக் கேட்டபடி சும்மா இருக்கலாம். மரம் போன இடங்களிலோ இடுப்புயரக் கன்றுகளும் வெட்டவெளியும்தான். மேல்தளத்தில் கால்வைக்க முடியாமல் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். சாலையை அகலப்படுத்துவதற்காகப் புளியமரங்கள் போன நம் நெடுஞ்சாலைகளில் பேருந்துக்குக் காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வேறுபாடு, இங்கே வெட்டிய இடத்தில் உடனுக்குடன் நட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் மால்பாஸ் குன்றைக் குடைந்த சிறு சுரங்கத்தைக் கடந்து ஃபோன்செரான் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒன்றையொன்று தொட்ட தொட்டிகள் வழியாகப் படகு இறங்க வேண்டும். கட்டியபோது எட்டுத் தொட்டிகள், மொத்த இறக்கம் 21 மீட்டருக்கு மேல். 1858இல் ஓர்ப் ஆற்றின் மேல் கால்வாயைத் தாங்கிச் செல்லும் நீர்ப்பாலம் வந்தபிறகு அந்த எட்டில் ஆறு தொட்டிகள்தான் பயன்படுகின்றன. ஏறுபவர்களுக்கும் இறங்குபவர்களுக்கும் முறைவைத்து விடுவதால் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். இரு பக்கமும் சுற்றுலாக்காரர்கள் ஐஸ்கிரீமும் கையுமாக நின்று, யாராவது ஏதாவது தவறு செய்ய மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் கைப்பேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டு முனையில் நின்றான். ஆறு தொட்டிகளிலும் கயிற்றை ஒரு சாண் ஒரு சாணாக நழுவவிட்டான், உள்ளங்கை சிவந்துவிட்டது. கடைசிக் கதவைக் கடந்து, கீழே கரையோரமாகப் படகை ஒதுக்கிய பிறகு, நனைந்த கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டான்:

"அத்தான், இப்போது முடிச்சுப் போடலாமா?"