எப்ப நடப்பாரு என்று கேட்பதற்கு முன்னால்

முதுகுத் தண்டில் அடிபட்டவர் இருக்கிற வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "எப்ப நடப்பாரு?" அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறதோ இல்லையோ, அதற்குள் ஆளைக் கொண்டுபோகக்கூடியவை மூன்று இருக்கின்றன: படுக்கைப்புண், தேங்கும் சிறுநீர், இறுகும் மலம். ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிய எங்களுக்கு இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம்தான். இதே நிலையில் இருக்கிற யாராவது ஒருவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயின்டர். சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தார். நெஞ்சுப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு, டி12 என்பார்கள், நொறுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு மூத்திர டியூபோடும் "பிசியோ பாத்துக்கங்க" என்ற ஒரு வரியோடும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்தது, கறுத்தது, பிறகு உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்துவிட்டது. அவருக்கு வலி தெரியாது. வலி தெரியாததுதான் இதில் பெரிய ஆபத்து.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தங்கச்சிதான் புண்ணைப் பார்த்துப் பதறி, "ஆய்க்குடிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா, இனிமே நாள் கடத்தாதீங்க" என்றாள்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கிற அமர் சேவா சங்கத்தைத்தான் சொன்னாள். 1981-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-இல், கடற்படைக்கு ஆள் எடுக்கும் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துத் தண்டில் அடிபட்டவர். கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில்தான் சொந்த ஊரில் இதைக் கட்டியிருக்கிறார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் கதையைக் கேட்ட அன்று ராத்திரிதான் என் வீட்டுக்காரர், விழுந்த பிறகு முதல் தடவையாக, நாளைக்கு என்ன செய்வார்கள் என்று தானாகக் கேட்டார்.

நாங்கள் நினைத்த மாதிரி முதல் நாளே எழுப்பி நிறுத்தவில்லை. முதலில் புண். குப்புறப் படுக்கவைத்து, மருந்து கட்டி, முட்டை, பயறு என்று சத்தாகச் சாப்பிட வைத்தார்கள். புண் ஆறிவந்த பிறகு கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, காலையும் இரவும் அவரே தன் முதுகடியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் கண்ணாடியைப் பிடித்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அதுவரை அந்த இடத்தைப் பார்த்தது நான் மட்டும்தான். அன்றிலிருந்து "அந்த ஓரம் இன்னும் சிவப்பா இருக்கு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

அடுத்தது சிறுநீர். நிரந்தரமாக மாட்டியிருந்த டியூபை எடுத்துவிட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை நன்றாகக் கழுவி, கத்தீட்டர் என்கிற மெல்லிய குழாயை விட்டு, வடித்துவிட்டு உருவிவிட வேண்டும். அங்கே இதை சிஐசி என்பார்கள். எவ்வளவு வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு தடவைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சிறுநீர்ப்பை விரிந்து சிறுநீர் மேலே ஏறும், கிட்னி கெடும். எனக்குத்தான் முதலில் கை நடுங்கியது; அவர் சீக்கிரமே பழகிவிட்டார். மலத்துக்கு நேரம்தான் மருந்து. தினமும் ஒரே நேரத்தில் சூடாக டீயும் பலகாரமும் கொடுத்து, குடல் அசைகிற அந்த அரை மணிக்குள் போக வைக்க வேண்டும். குடல் அந்த நேரத்துக்குப் பழகிவிட்டால் நடுவழியில் வேட்டி நனைகிற பயம் போய்விடும். அந்தப் பயத்தில்தான் பலர் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறக் கற்றுக்கொடுத்தவர் தானே வீல்சேரில் இருப்பவர். "அண்ணாச்சி, கையை ஊனுங்க, தலையை எதிர்ப்பக்கம் சாய்ங்க, இடுப்பு தானா வரும்" என்று சொல்லிவிட்டுச் செய்து காட்டினார். நடக்கிறவர்கள் ஆயிரம் சொன்னாலும் அதற்கு ஈடாகாது. உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். இன்றைக்கு டிவி பார்க்கும்போதுகூட இவர் அதை விடுவதில்லை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட பையன் இருந்தான். நன்றாக நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் சொன்னது மறந்துபோகிறது, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. அவன் அம்மா இன்னும் போன் செய்வார். ஊரார் "திமிரு" என்கிறார்களாம். மூளையில் பட்ட காயம் வெளியே தெரியாது என்பதால் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்கிற ஆதரவு எங்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. இது பெரிய அநியாயம்.

சிகிச்சை நடக்கும்போதே தாள் வேலையையும் தொடங்கிவிடுங்கள். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் ஒன்றும் நகராது. அது கைக்கு வந்ததும் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதப் பராமரிப்புத் தொகைக்கு மனு கொடுக்கலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். கட்டட வேலை செய்தவராக இருந்தால் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், விபத்து உதவிக்கு அங்கே தனியாக மனு உண்டு. வாசலில் சாய்தளம் போடும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடச் சொல்லுங்கள். கொத்தனார் இடம் இல்லை என்று செங்குத்தாகப் போட்டுவிட்டால் பின்னால் ஒரு ஆள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுவாழ்வு மையத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ படம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடத் தங்குகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். இன்றைக்கு மாமியார், நாளைக்கு மச்சினன் என்று மாறிமாறி வந்தால் கத்தீட்டர் போடுவதையும் புரட்டிப் படுக்கவைப்பதையும் யாருமே முழுசாகக் கற்றுக்கொண்டு வீடு திரும்ப மாட்டார்கள்.